வீட்டுக் கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் ரீடிங் எடுக்கும் வாரம் வந்தால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். பிளக்கில் செருகினால் வாட் காட்டும் சிறு பவர் மீட்டர் ஒன்று என்னிடம் இருப்பது தெரிந்த பிறகு சொந்தக்காரர்களும் போன் செய்து கேட்க ஆரம்பித்தார்கள். அடிக்கடி வந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பை மனதில் வைத்து எழுதியது. கட்டண விகிதம் அவ்வப்போது மாறும் என்பதால் ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டில் கணக்குப் போட்டிருக்கிறேன்.

யூனிட் யூனிட் என்கிறார்களே, ஒரு யூனிட் என்றால் எவ்வளவு?

1000 வாட் இழுக்கும் ஒரு சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாமான் 10 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான். வாட்டை மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் போதும். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இந்த ஒரு கணக்குதான் அடிப்படை.

இயற்பியல் அளவில் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள கல்லைச் சுமார் 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி, அதாவது 66 மீட்டர். அதைப்போல ஐந்தரை மடங்கு உயரம்! இத்தனை ஆற்றல் சில ரூபாய்க்குச் சுவரிலிருந்து கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

எங்கள் வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது என்று கருவி எதுவும் வாங்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அந்தக் கருவி ஏற்கெனவே உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மின்வாரிய மீட்டரில் ஒரு சிவப்பு எல்இடி விட்டு விட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்திலோ மீட்டர் முகப்பிலோ 3200 அல்லது 1600 போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், ஒரு யூனிட் ஓடி முடிவதற்குள் அந்த விளக்கு 3200 முறை மின்னும். 36 லட்சம் ஜூலை 3200-ஆல் வகுத்தால் 1125. அதாவது ஒவ்வொரு மின்னலும் 1125 ஜூல்.

எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், வைஃபை ரூட்டர், இன்வெர்ட்டர் எதையும் விட வேண்டாம். ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 15 விநாடி என்றால் 75 வாட், 40 விநாடி என்றால் 28 வாட். மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125-க்குப் பதில் 2250. வேகமாக மின்னினால் பத்து இடைவெளிக்கு நேரம் பார்த்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் மீட்டர் கீழே இருக்கும் என்பதால் இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் சுவிட்ச் போட, கீழே ஒருவர் போனில் பேசியபடி எண்ண வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பாடப் புத்தகத்தில் படித்த வாட்டும் ஜூலும் அவர்கள் கண் முன்னால் மின்னும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மெயின் போட்டிருக்கும்போது விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் எங்கோ ஏதோ ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட அது போதுமான காரணம்.

ஃபேனை 5-ல் வைத்தாலும் 2-ல் வைத்தாலும் ஒரே கரண்ட்தானாமே?

இல்லை. இது பழைய ரெகுலேட்டர் காலத்துப் பேச்சு. அப்போது சுவரில் பெரிய பெட்டி ஒன்று இருக்கும், உள்ளே கம்பிச்சுருள், தொட்டால் சுடும். ஃபேனுக்குப் போகாமல் தடுத்த மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே சூடாக வீணானது. அதனால் மிச்சம் குறைவு, ஆனால் அப்போதும் சுத்தமாகப் பூஜ்ஜியம் இல்லை.

இன்றைய சின்னத் திருகு ரெகுலேட்டரில் இந்த வீண் மிகக் குறைவு. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றுக்குப் போகும் சக்தி எட்டில் ஒரு பங்குதான். மோட்டாருக்குள் ஆகும் இழப்பு அதே அளவு குறையாது என்பதால் மீட்டரில் எட்டில் ஒன்று தெரியாது, ஆனால் கணிசமாகக் குறையும். மேலே சொன்ன மின்னல் கணக்கில் 5-க்கும் 2-க்கும் நேரம் எடுத்துப் பாருங்கள்.

பிஎல்டிசி ஃபேன் உண்மையிலேயே பாதிதான் இழுக்குமா? பழசு நன்றாகத்தானே ஓடுகிறது?

பாதிக்கும் கீழே. சாதாரண 48 அங்குல ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவில் இழுக்கும், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேன்) 30 வாட் அளவில். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 720 மணி. சாதாரண ஃபேன் 54 யூனிட், பிஎல்டிசி சுமார் 22 யூனிட். ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் வித்தியாசம்.

சாதாரண ஃபேனில் சுற்றும் பாகத்துக்குக் காந்தத்தன்மை வர, அதற்குள் மின்னோட்டத்தைத் தூண்டியாக வேண்டும். அந்த மின்னோட்டமே சூடாகிச் சக்தியைத் தின்கிறது. ஓடி நின்ற பழைய ஃபேனின் நடுவில் கை வைத்தால் சூடு தெரியும். பிஎல்டிசியில் சுற்றும் பாகத்தில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைச் சிறு மின்னணு அட்டை பார்த்துக்கொள்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. வாங்கி மாட்டும்போது சுவர் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள், ரெகுலேட்டர் வழியே கொடுத்தால் அட்டை கெடும். 2023 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால் பெட்டியிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லா ஃபேனையும் ஒரேயடியாக மாற்றத் தேவையில்லை. ஹாலும் படுக்கையறையும் முதலில். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் ஃபேன் பழையதாகவே இருக்கட்டும்.

ஃபேன் ரொம்ப மெதுவாகிவிட்டது. புதுசு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் தேய்ந்திருக்கும். பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட். பழையதில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள், விலை மிகக் குறைவு. மெயினை அணைத்துவிட்டுக் கை வையுங்கள்.

ஃபேன் ஓடினால் ரூம் குளிர்ந்து இருக்கும், ஆள் இல்லாவிட்டாலும் ஓடட்டும் என்கிறார் மாமியார். சரியா?

ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை. நம் தோலில் இருக்கும் வியர்வையை ஆவியாக்குகிறது, ஆவியாகும்போது வியர்வை உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் நமக்குக் குளிர்ச்சி. தோல் இல்லாத அறையில் அந்த வேலை நடக்காது. மூடிய அறையில் ஓடும் 75 வாட் ஃபேன் கடைசியில் 75 வாட் வெப்பமாகவே மாறுகிறது. சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி, ஃபேன் ஓடும்போதும் ஓடாதபோதும் மாமியாருக்குக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது மரியாதையாகவும் இருக்கும்.

ஜன்னல் திறந்திருந்து வெளியே காற்று குளிர்ந்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ஃபேன் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள உதவும்.

ஏசியை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். சரிதானே?

அந்த எண் வேகத்தைச் சொல்வதில்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. சூடான அறையில் 24-ல் வைத்தாலும் 18-ல் வைத்தாலும் ஆரம்பத்தில் கம்ப்ரசர் ஏறக்குறைய முழு மூச்சில்தான் ஓடும். 18-ல் வைத்துவிட்டு மறந்து தூங்குவதுதான் நடக்கும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 2020 முதல் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று ஆக்கியதும் இதனால்தான். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

ஏசியைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம், அது குளிரை உண்டாக்குவதே இல்லை, வெப்பத்தை உள்ளேயிருந்து வெளியே கடத்துகிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்றரைக் கிலோவாட் அளவு மின்சாரம் எடுத்துக்கொண்டு ஐந்து கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும். டன் என்ற கணக்கு பனிக்கட்டி விற்ற காலத்தில் வந்தது. 907 கிலோ கொண்ட அமெரிக்க டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுதான் ஒரு டன், சுமார் 3.5 கிலோவாட்.

ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்தால் மிச்சம் ஆகுமா?

துளி மிச்சமாகும், பால் கெடும். வேண்டாம்.

சாம்பாரைச் சூடாக ஃபிரிட்ஜில் வைத்தால் கரண்ட் பில் எகிறுமா?

கணக்குப் போடுவோம். 2 கிலோ சாம்பார், 60 டிகிரி சூடு. அறை வெப்பமான 30-க்கு ஆறவிடாமல் அப்படியே வைக்கிறீர்கள் என்றால், கூடுதலாக வெளியேற்ற வேண்டிய வெப்பம் யூனிட் கணக்கில் சுமார் 0.07. ஃபிரிட்ஜும் ஏசி மாதிரி வெப்பத்தைக் கடத்தும் இயந்திரம்தான். செலவிடும் மின்சாரத்தைப் போல இரண்டு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்று வைத்துக்கொண்டால் 0.035 யூனிட். பில்லில் இது தெரியவே தெரியாது.

உண்மையான தொல்லை வேறு. பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும், ஈரப்பதம் ஏறும். அதற்காகப் பகல் முழுவதும் வெளியே விடுவது இன்னும் மோசம், வெதுவெதுப்பில்தான் கிருமி வேகமாகப் பெருகும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆறவிட்டுச் சீக்கிரம் உள்ளே வையுங்கள்.

கீசரை நாள் முழுக்கப் போட்டே வைப்பது நல்லதா, குளிக்கும்போது மட்டும் போடுவதா?

குளிக்கும்போது மட்டும். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். 2000 வாட் கீசரில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் போட்டு வைத்தால், தொட்டிச் சுவர் வழியே கசியும் சூட்டை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். ஐந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டில் ஒரேயடியாகப் போட்டு, ஒரேயடியாக அணைத்துவிடுங்கள்.

வாளியில் போடும் ஹீட்டர் கம்பியைப் பற்றியும் கேட்பார்கள். செலவு ஏறக்குறைய அதேதான். ஆனால் கம்பி தண்ணீரில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்காமல் கை விட்டு உயிர் போன செய்திகள் ஏராளம். என் வீட்டில் அதற்கு இடமில்லை, உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கிரைண்டர் நாற்பது நிமிடம் ஓடுகிறதே, மாவை மிக்ஸியில் அரைத்தால் மிச்சம்தானே?

வெட் கிரைண்டர் 150 வாட் அளவு. நாற்பது நிமிடத்துக்கு 0.1 யூனிட். 750 வாட் மிக்ஸியைப் பத்து நிமிடம் ஓட்டினால் 0.125. இரண்டும் அல்பத் தொகை. மிக்ஸியில் மாவு சூடாகும், உளுந்து கிரைண்டரில் போலப் பொங்கி வராது. இட்லிக்காக முடிவு செய்யுங்கள், பில்லுக்காக வேண்டாம்.

போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டால் கரண்ட் ஓடுமாமே?

போன் செருகாத நல்ல சார்ஜர் கால் வாட் கூட இழுக்காது. வருடம் முழுவதும் விட்டாலும் இரண்டு யூனிட்டைத் தாண்டுவது கடினம். வீட்டில் இதற்காகச் சண்டை வேண்டாம்.

கவனிக்க வேண்டியது டிஷ் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்த பிறகும் சில பெட்டிகள் 10 வாட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு 1440 மணி, அதாவது 14 யூனிட். சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள்.

போன தடவையைவிட கொஞ்சம்தான் கூட ஓடியது, பில் மட்டும் எப்படி இவ்வளவு ஏறியது?

நம்மிடம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500-ஐத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடும். 498-ல் நின்ற வீட்டுக்கும் 502-க்குப் போன வீட்டுக்கும் நான்கு யூனிட்டுக்கு மீறிய வித்தியாசம் வருவது இதனால்தான்.

சேமிப்பையும் இப்படித்தான் கணக்கிட வேண்டும். பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலை உதவாது. நீங்கள் மிச்சப்படுத்துவது எப்போதும் உச்சிப் படியில் இருக்கும் யூனிட்டைத்தான், அதன் விலையைப் பாருங்கள். 520-ல் நிற்கும் வீடு ஒரே ஒரு ஃபேனை மாற்றினாலே (மேலே சொன்ன 32 யூனிட்) கோட்டுக்குக் கீழே வந்துவிடும்.

கேஸ் விலை ஏறுகிறது. இண்டக்ஷனுக்கு மாறினால் லாபமா?

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். ஆனால் அடுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது, மீதி பக்கவாட்டில் போய்ச் சமையலறையைச் சூடாக்கும். இண்டக்ஷனில் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாவதால் 85 சதவீதம் அளவு சேர்கிறது. கூட்டிக் கழித்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு இண்டக்ஷனில் 140 யூனிட் வேண்டும்.

இந்த 140-ஐ உங்கள் உச்சிப் படி விலையால் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். 300 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு லாபமாக இருக்கலாம். ஏசி ஓடும் வீட்டில் இதே 140 யூனிட் 500 கோட்டைத் தாண்ட வைத்தால் நஷ்டம். எதற்கும் இரண்டு அடுப்பும் இருப்பது நல்லது.

பிளக்கில் ஒரு பெட்டியைச் செருகினால் பில் 40 சதவீதம் குறையும் என்று விளம்பரம் வருகிறதே?

வாங்காதீர்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஓர் எல்இடியும் இருக்கும். விற்பவர் ஒரு மோட்டாரை ஓட்டி, பெட்டியைச் செருகியதும் ஆம்பியர் குறைவதைக் காட்டுவார். அது உண்மையாகவே குறையும். மோட்டார் எடுத்துக்கொண்டு திரும்பத் தந்துவிடும் ஒரு பங்கு மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்குகிறது. வீட்டு மீட்டரோ அந்தப் பங்கைக் கணக்கில் எடுப்பதே இல்லை, உண்மையில் செலவான ஆற்றலை மட்டும்தான் எண்ணுகிறது.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் மின்னல் கணக்கில் சோதித்துப் பாருங்கள். பெட்டி இருந்தாலும் எடுத்தாலும் அதே விநாடிதான் வரும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது. பேயா?

சில மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே எல்இடி ஒளிரும். சுவிட்சுக்குள் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியே கசியலாம். பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடும் வயர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்சம் கடத்தலாம். இவை இரண்டும் ஆபத்தில்லை.

மூன்றாவது காரணம் ஆபத்தானது. சுவிட்சை, மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரலில் போட்டிருந்தாலும் இப்படி எரியும். அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் முழு 230 வோல்ட் இருக்கும், பல்பு மாற்ற ஏறுபவருக்கு ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனிடம் இதைக் குறிப்பாகச் சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கூடவே, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) வயரைத்தான் காக்கும். ஆள் உடம்பு வழியே கசியும் மின்சாரத்தைக் கண்டு துண்டிப்பது ஆர்சிசிபி.

இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எப்படிச் சொல்வது?

150 ஆம்பியர்-மணி (Ah), 12 வோல்ட் பேட்டரி என்றால் பெருக்கினால் 1800 வாட்-மணி. முழுவதையும் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும், இன்வெர்ட்டரிலும் இழப்பு உண்டு. 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பழைய ஃபேனும் 40 வாட்டுக்கு விளக்கும் என்றால் 265 வாட், நாலரை மணி நேரம். அதே இடத்தில் மூன்று பிஎல்டிசி என்றால் 130 வாட், ஒன்பது மணி நேரம். பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். நல்ல வெயிலில் கரண்ட் போனால் அதுவும் ஏன் நின்றுவிடுகிறது?

மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் சோலார் அப்படித்தான் நின்றாக வேண்டும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி ஓர் ஊழியர் கம்பத்தில் ஏறியிருக்கலாம், உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. லைனில் வோல்டேஜ் இல்லை என்று தெரிந்த நொடியில் இன்வெர்ட்டர் தானே துண்டித்துக்கொள்ளும். கரண்ட் போனபோதும் வேண்டும் என்றால் பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் வகை வாங்க வேண்டும், செலவு கூடும்.

சோலார் போட இருக்கிறோம், தண்ணீர்த் தொட்டி நிழல் ஒரு மூலையில் மட்டும்தான் விழும். பரவாயில்லையா?

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. இவ்வளவு இருக்கும்போது நிழலில் கோட்டை விடாதீர்கள். பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் அந்த வரிசையையே பாதிக்கும்.

இடம் பார்க்க வருபவர் பெரும்பாலும் ஒரு மதியம்தான் வருவார். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தொட்டியின் நிழல் வடக்குப் பக்கம் நீளும். சித்திரையில் வெயில் அடித்த அதே இடம் அப்போது நிழலுக்குள் இருக்கும். தொட்டிக்குத் தெற்கே இடம் இருந்தால் பேனலை அங்கே போடச் சொல்லுங்கள்.